சேவல் பூங்காவில் ஒரு கிண்ணம் சூப்

அக்டோபர் 9

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப் போவது இவை:

1. பூங்கா வாசலில் நடந்தது.
2. சூப்.
3. பேத்தி பொடிசின் முன்னால் என்னைப் பற்றி நீங்கள் சொன்ன வார்த்தை.
4. என் முடிவு.

இந்த வரிசை சரிதானா என்று எனக்கே சந்தேகம். மூன்றாவதுதான் அதிகம் வலித்தது. அதை முதலில் வைத்தால் கோபத்தில் எழுதியதாக நினைப்பீர்களோ என்று, நடந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றதும் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். "ஒண்ணுமில்ல, எல்லாரும் சௌக்கியமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எனவே தபால்.

முதலாவது. சேவல் கேளிக்கைப் பூங்காவில் நாம் கழித்த விடுமுறை நாட்களில் எல்லோருக்கும் சைவமாகவும் உடம்புக்கு ஒத்துக்கொள்கிற மாதிரியும் சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டது உண்மை. நானாக முன்வரவில்லை. உங்கள் ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு என் மகள் கேட்டுக்கொண்டாள். ஓட்டல் அறையில் இருந்த சின்னக் கெட்டிலிலேயே பயறு வேகவைத்தேன். பழம் நறுக்கினேன், ரொட்டிக்குள் காய் வைத்து மடித்தேன், வேர்க்கடலை வறுத்ததை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தேன். எல்லாவற்றையும் டப்பாக்களில் போட்டு, எது யாருக்கு என்று காகிதம் ஒட்டினேன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவனுக்குக் காகிதம் ஒட்டாமல் எதையும் மூட வராது.

வாசலில், வெளி உணவுக்கு அனுமதி இல்லை, கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் மட்டும் விலக்கு என்று பலகை இருந்தது. நீங்கள் காவலாளியிடம், "பெரியவருக்கு வயித்துல அல்சர். டாக்டர் சொன்ன சாப்பாடு மட்டும்தான்" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்து, "அப்படியாய்யா?" என்றார். நான், "எனக்கு அல்சர் எல்லாம் இல்லைங்க" என்றேன். டப்பாக்களைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார்கள். நீங்கள் என்னை முறைத்தீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவனை எதற்கு முறைப்பது?

இரண்டாவது. உள்ளே இருந்த ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் உருளைக்கிழங்கைக்கூடக் கோழி பொரித்த எண்ணெயில்தான் போடுகிறார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நான் கவுன்ட்டரில் சற்று நேரம் நின்றது வாஸ்தவம். பின்னால் நின்றவர்கள், "பெரியவரே, ஆராய்ச்சிய வீட்ல வச்சுக்கங்க, எங்களுக்குப் பசிக்குது" என்றார்கள். முதல் நாள் முழுக்க ஒரு ஆப்பிளோடு இருந்தேன். குறை சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் நீங்கள் ஒரு மணி நேரம் காணாமல் போனீர்கள். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, எந்த ராட்டினத்தின் அடியில் குனிந்து பல்சக்கரம் பார்த்துக்கொண்டிருந்தீர்களோ, திரும்பி வந்தபோது சட்டைக் கையெல்லாம் கிரீஸ். கையில் ஒரு கிண்ணம் சூப். "காய்கறி சூப் மாமா, பயப்படாம குடிங்க" என்றீர்கள். நம்பி, பாதி குடித்தேன். பிறகு மனம் கேட்காமல் கவுன்ட்டர்ப் பெண்ணிடம் விசாரித்தேன். "எல்லா சூப்பும் கோழி எலும்பு போட்டுக் கொதிக்க வச்ச தண்ணிதான் சார்" என்றாள்.

மாப்பிள்ளை, நான்கு வருடத்துக்கு முன் உங்கள் அத்தை நோயில் படுத்தபோது நானும் அவளும் சேர்ந்து அசைவத்தை விட்டோம். அவள் போன பின்பும் நான் விடாமல் வைத்திருக்கிற ஒரே காரியம் அது. அதை நீங்கள் ஒரு கிண்ணத்தில் ஊற்றி முடித்துவிட்டீர்கள்.

மூன்றாவது. நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்ததும், மேசையில் எல்லோரும் கேட்க, "தாத்தாவுக்கு ஒரு புல்லுக்கட்டு வாங்கிப் போட்டா வேல முடிஞ்சுது" என்றீர்கள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். பொடிசும் சிரித்தது. ஏழு வயதுக் குழந்தை, அப்பா சிரிக்கச் சொன்னால் சிரிக்கத்தான் செய்யும். அந்தக் குறையை நான் குழந்தைமேல் வைக்கவில்லை.

நான்காவது. அடுத்த மாதம் என் வீட்டைக் காலி செய்துவிட்டு உங்களோடு வந்து இருப்பதாகப் பேசியிருந்தோம். வரவில்லை. அதனால்தான் அன்றைக்கே ஓட்டல் முகப்பில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இப்படிக்கு,
மாமா

அக்டோபர் 14

மாமாவுக்கு,

எனக்கு உங்கள மாதிரி எழுத வராது. பேசுற மாதிரியே எழுதுறேன். நீங்க போன எடுக்க மாட்டேங்கிறீங்க, வேற வழியில்ல. கடைசியா நான் பேனா புடிச்சு ஒரு பக்கம் எழுதுனது பரீட்சையில. அதுலயும் பெயிலு.

நீங்க நம்பர் போட்டா நானும் போடுவேன்.

ஒண்ணு. கேட்ல நான் யாருக்காகப் பொய் சொன்னேன்? எனக்கா? உங்க டப்பாவ உள்ள கொண்டு போகத்தான. பக்கத்துல நின்னுகிட்டு ஒரு தடவ இருமியிருந்தா போதும். வாயத் தொறக்காம நின்னிருந்தாகூடப் போதும். அந்த ஆள் என்னப் பார்த்த பார்வை இருக்கே. எம் பொண்டாட்டி புள்ள முன்னால என்னப் பொய்யனாக்கிட்டு, நான் மொறச்சேன்னு நம்பர் போட்டு எழுதுறீங்க. பெரிய உண்மை விளம்பி!

ரெண்டு. சூப்பப் பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. காய்கறி சூப்புன்னு சொன்னேன். நான் சொன்னத நம்பாம எந்திரிச்சுப் போயி யாரோ ஒரு பொண்ணுகிட்ட கேட்டீங்க. அதோட முடிஞ்சு போச்சு. அந்த நேரத்துல பொடிசு தண்ணி ராட்டினத்துல எங்கூடப் போகணும்னு காலையிலேருந்து அடம் புடிச்சு, கடைசில அவ அம்மாகூடப் போயிட்டு வந்தா. அதையும் உங்க கணக்குல எழுதிக்கங்க.

மூணு. புல்லுக்கட்டுன்னு சொன்னேன். சொன்னேன்தான். பசியில, அவமானத்துல வாய்ல வந்துச்சு.

இப்ப நான் கேக்குறேன். அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னு நீங்க ஒரு வரிகூட எழுதலையே, ஏன்? அந்த ராஜா சேவல், தலைல கிரீடம் வச்சுகிட்டு மனுஷன் உள்ள பூந்து ஆடுற வேஷம், அதைப் பொடிசு கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்து போட்டோ எடுத்துகிட்டா. மத்தியானம் அதே ராஜா சேவல் வடிவத்துலயே வறுத்த கோழித் துண்டு தட்டுல வந்துச்சு, கிரீடம்கூட இருந்துச்சு. அவ ஒண்ணத் தூக்கிக் காட்டி, "தாத்தா, இது அவரா?"ன்னு கேட்டா. நாங்க எல்லாரும் சிரிச்சோம். நீங்க மட்டும் கண்ணாடியக் கழட்டித் தொடச்சு, திருப்பிப் போட்டுகிட்டு, "அவரில்லம்மா. ஆனா அவரோட இனம்தான்"னீங்க.

ஏன் மாமா? "இல்லடா கண்ணு, இது மாவு"ன்னு சொன்னா வாய் வெந்துடுமா?

அன்னிக்கு அதக் கீழ வச்சவதான், அப்புறம் தொடல. கோழி இல்ல, மீன் இல்ல, முட்டை இல்ல. முட்டைக்குள்ள குட்டி ராஜா இருக்காராம். இப்ப பாலப் பார்த்தும் யோசிக்கிறா. ஏற்கெனவே எடை பத்தலன்னு டாக்டர் சொன்ன புள்ள. வெறும் ரொட்டியும் ஜாமும் தின்னுகிட்டு ஈர்க்குச்சி மாதிரி நிக்கிறா. உங்க பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில மாறி மாறி ஷிஃப்ட். எனக்கு வெந்நீர் வைக்க மட்டும்தான் தெரியும். வீட்ல எந்நேரமும் சண்டை.

நாலு. வர வேண்டாம்னா வர வேண்டாம். உங்களுக்குன்னு தனியா அடுப்பு மேடை போட்டேன், எங்க பாத்திரம் அதுல படாம இருக்கட்டும்னு. உங்க உசரத்துக்குத் தூக்கிப் போட்டேன், குனிஞ்சா இடுப்பு வலிக்கும்பீங்கன்னு. அதுல இப்ப என் செருப்பு, ஷூ எல்லாம் அடுக்கி வச்சிருக்கேன். நல்லா இருக்கு.

மாப்பிள்ளை

அக்டோபர் 19

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. இது குறை அல்ல, தகவல்.

குழந்தை கேட்டதற்கு நான் சொன்ன பதிலை முதல் கடிதத்தில் எழுதாதது தவறுதல் அல்ல. அதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை. இப்போதும் தெரியவில்லை. சேவலைக் கட்டிப்பிடிக்க வைத்து, அரை மணி நேரத்தில் அதே உருவத்தைத் தட்டில் வைத்தது நானா? அந்தப் பூங்காக்காரர்களிடம் உங்களுக்குக் கோபம் வரவில்லை. கேட்டால் உள்ளதைச் சொன்ன கிழவன்தான் அகப்பட்டான். ஊருக்கு இளைத்தவன் என்று ஒருவன் எப்போதும் வேண்டும்தானே?

மாவு என்று சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். நாளை அவளுக்குத் தெரியவந்தால்? என்னிடம் கேட்டால் நிஜம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் அவள் உங்களை விட்டு என்னிடம் கேட்டாள். இதை எழுதக் கூடாது என்று இரண்டு முறை அடித்தேன். மூன்றாவது முறை அடிக்கவில்லை.

ஆனால் குழந்தை ரொட்டியும் ஜாமுமாக இருப்பது சரியில்லை. சைவம் என்றால் ஜாம் அல்ல. தின்பண்டக் கடையே சைவம்தான்; அதைத் தின்று யாரும் வளர்ந்ததில்லை. ஒரு நாளுக்குப் பொடிசுக்கு என்ன வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

காலையில் வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அவள் கை, உங்கள் கை அல்ல. மத்தியானம் வேகவைத்த பயறு ஒரு கிண்ணம், மேலே எலுமிச்சை பிழிய வேண்டும். எலுமிச்சை இருந்தால் பயறில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாயங்காலம் எள்ளும் வெல்லமும் இடித்து உருட்டியது. பாலை விடச் சொல்லாதீர்கள். பசு அதற்காகச் சாவதில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அது உண்மை. கீரையை முகம் தெரியாமல் ரொட்டி மாவோடு பிசைந்துவிடலாம். பழம் நறுக்கித்தான் தர வேண்டும், முழுதாகத் தந்தால் பையில் போட்டு மறந்துவிடுவாள். இது பாதிதான். மீதி பின்பக்கம் இருக்கிறது.

சூப்புக்கு வருகிறேன். "சொல்ல ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான். நான் சும்மா விடப் போவதில்லை. அந்தப் பூங்காவின் சமையல் கூடத்தையே கேட்கப் போகிறேன். அங்கே சொல்வதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன். என் மகளுக்கும் ஒரு நகல் போகும்.

அடுப்பு மேடையில் செருப்பு வைத்திருப்பதாக எழுதியது என்னைப் புண்படுத்த என்றால், காரியம் நிறைவேறியது.

மாமா

அக்டோபர் 25

மாமா,

கேளுங்க. சமையல் கூடத்த மட்டும் ஏன், சேவலையே கூப்பிட்டுக் கேளுங்க.

உங்க பட்டியல் வந்துச்சு. சமைச்சேன். பயற அப்படியே தண்ணியில போட்டு அடுப்புல வச்சேன். கால் மணி நேரம் கொதிச்சுது. பொடிசு ஒண்ண வாய்ல போட்டுட்டு, "அப்பா, இது கல்லா?"ன்னா. நான் கடிச்சுப் பார்த்தேன், கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஏற்கெனவே ஆடிகிட்டிருந்துச்சு, இப்ப அது கையில இருக்கு. ரெண்டு பக்கம் எழுதுனீங்களே, ஊற வைக்கணும்னு ஒரு வார்த்தை எழுதலையே! பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். அவங்க இன்னும் சிரிச்சுகிட்டிருக்காங்க.

எள்ளு உருண்டை உருளல. தூளாத் தூவினேன். கீரைய மாவுல பிசைஞ்சேன். பச்சையா இருக்குன்னு கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுகிட்டா.

சிரிக்க எழுதல. நேத்து ஸ்கூல் படிக்கட்டுல தலை சுத்தி உக்காந்துட்டாளாம். டீச்சர் போன் பண்ணாங்க. நான் ஒரு கட்டடத்துல லிஃப்டுக் குழிக்குள்ள நின்னுகிட்டிருந்தேன், மேல ஏறி வர எத்தனை நேரம் ஆச்சு தெரியுமா. டாக்டர் திட்டித் தீர்த்துட்டாரு, "பட்டினி போடுறீங்களா?"ன்னு. உங்க பொண்ணு அழுறா. எம்மேலயும் கோவம், உங்க மேலயும் கோவம்.

ஒரே ஒரு உதவி கேக்குறேன். நீங்க ஆரம்பிச்சீங்க, நீங்களே முடிங்க. அவளுக்கு ஒரு கடிதம் போடுங்க. "தாத்தா தப்பாச் சொல்லிட்டேன், அது சோயா மாவுல செஞ்சது, கோழி சாப்பிடலாம்"னு நாலு வரி. நான் சொன்னா நம்ப மாட்டா. "தாத்தா பொய் சொல்ல மாட்டாரு, கேட்லகூடச் சொல்லல"ங்கிறா.

அந்த ஒரு பொய்யச் சொல்லிட்டா நீங்க கொறஞ்சு போக மாட்டீங்க. சொல்ல முடியலன்னா, இனிமே எனக்கு எழுதாதீங்க.

நவம்பர் 1

மாப்பிள்ளைக்கு,

எழுதாதீர்கள் என்றீர்கள். எழுதுகிறேன். கோபித்துக்கொள்வதானால் முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

பொய்க் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நிஜமாகவே உட்கார்ந்தேன். "அன்புள்ள பொடிசுக்கு, தாத்தா தப்பாச் சொல்லிவிட்டேன்" வரை வந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. எழுதியிருந்தால் அடுத்த முறை அவள் எதையாவது தூக்கிக் காட்டிக் கேட்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் குறைந்து போக மாட்டேன் என்கிறீர்கள். குறைந்து போக இனி என்னிடம் அதிகம் இல்லை, மாப்பிள்ளை. இருப்பது அந்தக் குழந்தையின் நம்பிக்கை ஒன்றுதான்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நிஜத்தைச் சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை. சொல்லிவிட்டு, தட்டை உங்கள் முன்னால் தள்ளிவிட்டு, மறுநாளே பஸ் ஏறினேனே, அது சரியில்லை. ஒரு குழந்தையிடம் "அவரோட இனம்தான்" என்று சொல்கிறவன், அடுத்த வேளைக்கு அவள் என்ன தின்பாள் என்பதையும் கையோடு சொல்லியிருக்க வேண்டும்.

பயறை ஊற வைக்க வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்தேன். உங்கள் பல்லுக்கு வருந்துகிறேன்.

சமையல் கூடத்துக்குத் தொலைபேசினேன். எனக்கும் தொலைபேசிக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். முதலில் எடுத்தவரிடம் "தப்பான நம்பர்" என்று நானே சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டு, அலுவலகம், பண்டகசாலை என்று அலைந்து, தலைமைச் சமையல்காரர் கிடைத்தார். உங்களைத் தோற்கடிக்கத்தான் கூப்பிட்டேன். அதை மறைக்கவில்லை.

நான் தாளைப் பார்த்து, "காய்கறி சூப் என்று நீங்கள் விற்பது எந்தத் தண்ணீரில்" என்று ஆரம்பித்தேன். அவர், "கோழித் தண்ணிதாங்க, யாரு கேக்குறது?" என்றார். எனக்குள் ஒரு வெற்றிக் களிப்பு. தேதியைச் சொல்லி, அன்று மத்தியானம் என் மாப்பிள்ளை வாங்கிய கிண்ணம் என்றேன்.

"அன்னிக்கா? ஓ, லிஃப்டுக்காரரா! கையெல்லாம் கிரீஸா?"

ஆமாம் என்றேன்.

"ஐயா, அந்த மனுஷன் பின்பக்கக் கதவு வழியா வந்து ஒரே தகராறு. கோழி படாத சட்டியில, வெறும் தண்ணியில, எங்கப்பாவுக்கு ஒரு கிண்ணம் சூப் வச்சுக் குடுன்னு. நான் எப்படிங்க குடுக்குறது? அன்னிக்குக் கீழேருந்து சாப்பாடு ஏத்துற எங்க சின்ன லிஃப்ட் நின்னு போச்சு, ஆளுக படிக்கட்டுல அண்டாவத் தூக்கிகிட்டு ஓடுறாங்க. அடுப்பு காலியில்ல, போய்யான்னேன். அவரு எட்டிப் பார்த்துட்டு, இத நான் ஓட வச்சா நீ சூப் வைப்பியான்னாரு. வச்சேன். புதுச் சட்டி எடுத்து, என் கையால. நடுவுல ரெண்டு தடவ, பொண்ணு தண்ணி ராட்டினத்துக்குக் காத்திருக்கு, சீக்கிரம் வையின்னு கத்துனாரு. ஏங்க, அப்பாவுக்கு சூப் புடிக்கலையா?"

கவுன்ட்டர்ப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன், உங்களைக் கேட்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த யாராவது குப்பியைத் திறக்காமலேயே அறிக்கை எழுதியிருந்தால், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

சமையல்காரரிடம் "பிடித்தது" என்றேன். அந்த நிமிடத்தில் அது பொய்யா, உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை. பாதிதானே குடித்தேன்.

இதனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? "நானே நின்னு வைக்கச் சொன்னேன் மாமா" என்றால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? நான் நம்பவில்லை என்ற ஆத்திரத்தில், நான்கு வருடம் காத்ததை இழந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு கிழவன் பஸ்ஸில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே ஊர் போய்ச் சேரட்டும் என்று விட்டீர்கள். அதுவும் ஒரு வகைப் பொய்தான். அல்சரைவிடப் பெரியது.

வாசலில் நடந்ததைப் பற்றி என் கருத்து மாறவில்லை. எனக்கு அல்சர் இல்லை. இருமவும் மாட்டேன். அடுத்த முறை டப்பாவை உள்ளே விடாத இடத்துக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான்.

மூன்றாவது குறிப்பும் அப்படியே நிற்கிறது. புல்லுக்கட்டு என்று குழந்தை முன்னால் சொன்னீர்கள்; குழந்தை முன்னாலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும். தபாலில் கேட்டால் செல்லாது.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பொய் சொல்ல அல்ல, சமைக்க. புதன்கிழமை இரவு பயறை ஊறப் போடுங்கள். பயறு மூழ்கி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்க வேண்டும், உங்கள் விரல். கோழி தின்பதா வேண்டாமா என்பதைப் பொடிசு வளர்ந்து தானே முடிவு செய்யட்டும். நான் தின் என்றும் சொல்ல மாட்டேன், தின்னாதே என்றும் சொல்ல மாட்டேன். அதுவரை அவள் தலை சுற்றிப் படிக்கட்டில் உட்காராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுப்பு ஏறிய உங்களுக்கும் அதே பயறுதான். முகம் சுளித்தால் நானும் முறைப்பேன்.

அடுப்பு மேடையிலிருந்து உங்கள் செருப்புகளை எடுத்துவிடுங்கள். வெந்நீரில் சோடா உப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவுங்கள். வந்ததும் பார்ப்பேன்.

உங்களோடு வந்து இருக்க மாட்டேன் என்ற நான்காவது குறிப்பு, சூப்பைப் பற்றிய இரண்டாவதை நம்பி நின்றது. எனவே அதை ரத்து செய்வதாகத் தனியாக எழுதவில்லை. அக்டோபர் ஒன்பதாம் தேதிக் கடிதத்தில் இரண்டாவது குறிப்பு தவறு.

மாமா
(சமையல்காரரிடம் நீங்கள் சொன்னபடி, அப்பா)